கிரான்பெரி தானம்

போன சனிக்கிழமை கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட ஓர் ஆசாமியோடு எனக்குச் சின்னதாக ஒரு தகராறு. நியாயம் முழுக்க என் பக்கம்தான். அதை நிரூபிக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கிரான்பெரி டப்பாவைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது.

இருப்பது டொராண்டோவில், ஸ்கார்பரோ பக்கம், மகன் வீட்டில். சூப்பர் விசா என்று ஒன்று கொடுக்கிறார்கள். பெற்றோர் ஒரே மூச்சில் ஐந்து வருஷம் வரை தங்கலாம். தங்கி என்ன செய்வது என்று அதில் போடவில்லை. டிசம்பரில் நாலே முக்கால் வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. "சும்மாவே உட்கார்ந்திருக்கீங்களே மாமா, இவகூட ஃபுட் பேங்க்குக்குப் போய்ட்டு வாங்களேன்" என்றாள் மருமகள். 'இவ' என்றது என் பேத்தியை. ஒன்டாரியோவில் 40 மணி நேரம் சமூக சேவை செய்தால்தான் பிள்ளைகளுக்குப் பள்ளி டிப்ளமா கையில் வரும். புண்ணியத்துக்கும் அட்டெண்டன்ஸ் எடுக்கிற ஊர். அவளுக்கு மணிக்கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். எனக்கு ஏப்ரன் மட்டும்.

வேலை, இல்லாதவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க வருகிற டப்பாக்களைத் தேதி பார்த்துப் பிரிப்பது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு டப்பாவை மூக்குக்கு நேராகப் பிடித்தால்தான் அந்த எழுத்து தெரியும். அதில் எம்.ஏ. என்று இருந்தால் மார்ச் இல்லை, மே. மார்ச்சுக்கு எம்.ஆர். ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அப்படி வைத்தார்களாம். பெஸ்ட் பிஃபோர் தாண்டினாலும் டப்பாவைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அது ருசிக்குப் போட்ட தேதி. ஆனால் குழந்தைப் பால் மாவு தேதி தாண்டினால் தொடவே கூடாது. டப்பா விளிம்பில் நசுங்கியிருந்தாலோ வீங்கியிருந்தாலோ குப்பைதான். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மேஜைக்குப் பொறுப்பான யாழ்ப்பாணத்து அம்மாள். "ஐயா, இஞ்ச பாருங்கோ, இந்தப் பேணி வீங்கியிருக்கு. எறியுங்கோ."

வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் முதல் கிரான்பெரி வந்தது. பிறகு நிற்கவே இல்லை. சிவப்பாக, பல் கூசப் புளிக்கிற பழம். சர்க்கரையைக் கொட்டிக் காய்ச்சி, ஜெல்லியாக்கி அடைத்துவிடுகிறார்கள். டப்பாவைத் திறந்து குலுக்கினால் 'ப்ளக்' என்று தட்டில் விழும். டப்பாவின் வரிகள் உடம்பெல்லாம் பதிந்திருக்கும். வான்கோழிக் கறிக்குத் தொட்டுக்கொள்ள. வான்கோழியோ அக்டோபர் இரண்டாம் திங்கள் தேங்க்ஸ்கிவிங்குக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை. மற்ற நாளெல்லாம் டப்பாவுக்கு அலமாரியின் பின்வரிசையில் வாசம்.

டிசம்பர் வந்ததும் பள்ளிக்கூடத்தில், ஆபீஸில், தீயணைப்பு நிலையத்தில் கூட அட்டைப்பெட்டி வைக்கிறார்கள். உடனே எல்லார் கையும் அந்தப் பின்வரிசைக்குப் போகிறது. பருப்பை எடுக்காது, எண்ணெயை எடுக்காது. கிரான்பெரியை எடுக்கும். அது எங்களிடம் வருகிறது. நான் மூக்குக்கு நேராகப் பிடித்துத் தேதி பார்த்து, ஒரு குடும்பத்துக்குப் போகும் பெட்டியில் வைக்கிறேன். அந்தக் குடும்பம் எரித்ரியாவிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வந்திருக்கும். இது கறியா, ஜாமா, மருந்தா என்று உருட்டிப் பார்ப்பார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியின் பின்வரிசையில் வைப்பார்கள். அடுத்த டிசம்பரில் அவர்கள் பிள்ளையின் பள்ளியிலும் அட்டைப்பெட்டி வைப்பார்கள். டப்பா புறப்பட்டுவிடும். நவராத்திரிக்கு நவராத்திரி வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகப் போய்வந்தும் கத்திரிக்கோலையே பார்க்காத ரவிக்கைத் துணி நம் ஊரில் உண்டே, அதற்கு இது ஒன்றுவிட்ட தம்பி.

டொராண்டோவில் மொத்தமே கொஞ்சம் டப்பாதான் இருக்கிறது, அதுதான் சுற்றிச் சுற்றி வருகிறது என்பது என் கட்சி. தேதிதான் கொஞ்சம் இடிக்கிறது. இருந்தாலும் ஒரு டப்பாவின் அடியில் பேனாவால் பிள்ளையார் சுழி போட்டு அனுப்பியிருக்கிறேன். அடுத்த வருஷம் வரட்டும், பார்க்கலாம். "ஐயா, பேணியைப் பார்த்துப் பெருமூச்சு விடாமல் கெதியா அடுக்குங்கோ" என்றார் அந்த அம்மாள். பேத்தி என்னைத் தெரியாதவள் போல நூடுல்ஸ் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு வருகிறேன். அவருக்கு இங்கே தனி பின்கோடே உண்டு: எச்0எச் 0எச்0. பிள்ளைகள் ஸ்டாம்ப் ஒட்டாமல் கடிதம் போடலாம். தபால்துறைக்காரர்களும் ரிட்டயரானவர்களும் சம்பளமில்லாமல் உட்கார்ந்து பதில் எழுதுகிறார்கள். உட்கார்ந்து! என்னை ஏன் யாரும் அதற்குக் கூப்பிடவில்லை? நமக்கு வாய்த்த தாத்தா வேறு ரகம். ஒரே நிற டி-ஷர்ட்டில் வந்த ஓர் ஆபீஸ் கோஷ்டியோடு வந்தவர். இந்த மாதம் முழுக்க இப்படித்தான், மேஜையைச் சுற்றி நிற்க இடமில்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு டப்பாவைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுக்கிறார்கள். வெளிச்சம் போதவில்லை என்று மறுபடி எடுக்கிறார்கள். அடுக்கி வைத்ததைக் கலைத்து, "நிறைய இருக்கிற மாதிரி" தெரிய முன்னால் குவிக்கிறார்கள். அவர்கள் பீட்சா சாப்பிடப் போன பிறகு யார் திரும்ப அடுக்குவது? இதைத்தான் அந்தத் தாத்தாவிடம் கேட்டேன். அதுதான் தகராறு.

சுவரில், உதவ வருகிறேன் என்று பெயர் கொடுத்தவர்களின் பட்டியல் ஒட்டியிருக்கிறது. டிசம்பர் தாளில் கட்டங்கள் போதாமல் ஓரத்திலெல்லாம் பெயர். ஜனவரித் தாளில் பாதிக்கு மேல் வெள்ளை. பிப்ரவரியில் அந்த அம்மாள் பெயரும், எந்த எழுத்தென்று தெரியாத இன்னொரு பெயரும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பாக்ஸிங் டே தள்ளுபடியோடு ஊரில் பசியும் தீர்ந்துவிடுகிறதா என்ன? வாடகை கட்டிவிட்டு மிச்சமில்லாமல் வந்து நிற்கிறவர்கள் பிப்ரவரியிலும்தான் வருவார்கள், அதுவும் மைனஸ் பதினைந்தில் பஸ்ஸுக்கு நின்றுவிட்டு.

ஆகையால் ஐயா, அம்மா, பின்வரிசையை விட்டுவிடுங்கள். பீனட் பட்டர், டின் மீன், அரிசி, பருப்பு, டயப்பர் கொடுங்கள். பணமாகக் கொடுத்தால் மொத்த விலைக்கு ஃபுட் பேங்க்கே வாங்கிக்கொள்ளும். கையால்தான் உழைப்பேன் என்றால் பிப்ரவரியில் வாருங்கள். பூட்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள். வாசலில் பனி தள்ளவும் ஆள் வேண்டும்.