மரமீன்காரர்

நெயில்பாலிஷ், ஸ்டிக்கர் பொட்டு, பூண்டு வலைப்பை மூன்றும் மட்டாஞ்சேரியில் ஒரே வீட்டில் ஒரே வாரத்தில் காணாமல் போனால் போலீசுக்குப் போக வேண்டாம். அந்த வீட்டில் ஒரு மரமீன்காரர் இருக்கிறார். பகலில் பஜார் ரோட்டில் சுக்கு, மிளகு மூட்டைகளுக்குக் கணக்கு எழுதுவார். சாயங்காலம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும், தூண்டிலில் கட்டுகிற பொய்மீனை, அதாவது லூரை, மரத்தில் செதுக்க உட்கார்ந்துவிடுவார்.

பால்சா மரம் அவர் கைக்குக் கட்டுப்படியாகாது. ஏழிலைப்பாலைதான். கனமில்லாத மரம், கத்திக்கும் சொன்னபடி கேட்கும். அதில் யட்சி குடியிருப்பாள் என்பது மலையாளத்து நம்பிக்கை. "யட்சியே வந்தாலும் மரத்தூளைக் கூட்டிட்டுத்தான் உட்காரணும்" என்பது வீட்டம்மா கட்சி.

விரல் நீளத்துக்கு உடம்பு. வயிற்றில் துளை போட்டுக் கொஞ்சம் ஈயம். வாய்க்குக் கீழே பிளாஸ்டிக் நாக்கு. இழுக்கும்போது தண்ணீர் நாக்கில் மோதும், உடம்பு நெளியும். நாக்கு செங்குத்தாக நின்றால் மேல்மட்டத்திலேயே ஓடும். முன்னால் நீட்டிப் படுத்திருந்தால் ஆழத்துக்குப் பாயும். இந்தச் சோதனையெல்லாம் குளியலறை அண்டாவில்தான். பையன் பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் கதவைத் தட்டினால், "இருடா, கொஞ்சம் இடது பக்கம் சாயுது" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

அப்புறம் பெயிண்ட். அடியில் வெள்ளைப் பூச்சு, பக்கவாட்டில் வெள்ளி. அது காய்ந்ததும் பூண்டு வருகிற வலைப்பையை உடம்பில் இறுக்கிச் சுற்றி, முதுகுப் பக்கம் பச்சையை ஸ்பிரே பண்ணுவார். வலையை உரித்தால் வரிவரியாகச் செதில்! செவுளுக்கு நெயில்பாலிஷ் சிவப்பு, கண்ணுக்கு ஸ்டிக்கர் பொட்டு. வீட்டம்மா பொட்டில்லாமல் கல்யாணத்துக்குப் போன கதை தனி. கடைசியில் எபாக்ஸி மேல்பூச்சு. அது ஒரு பக்கமாக வழிந்துவிடக் கூடாதென்று குச்சியில் செருகித் திருப்பிக்கொண்டே இருப்பார். அந்த நேரம் கேஸ் சிலிண்டர் வந்தால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

குறை சொன்னால் பின்லாந்தைக் கூப்பிடுவார். லௌரி ரபாலா என்ற மீனவர் 1936-ல் தக்கையைச் செருப்புத் தைக்கிற கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை ஒட்டி, போட்டோ நெகட்டிவை உருக்கி மேலே பூசினாராம். கூட்டத்தில் ஒரு குஞ்சு மட்டும் கோணலாக நீந்தினால் பெரிய மீன் அதைத்தான் அடிக்கும் என்று கவனித்து வைத்திருந்தார். அதெல்லாம் சரி. ரபாலாவுக்கு மீன் பிடித்தால்தான் அடுப்பெரியும். இவருக்குச் சம்பளம் ஒன்றாம் தேதி வந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அழிமுகத்துக்கு, அதாவது காயல் கடலில் சேர்கிற முகத்துவாரத்துக்குப் போவார். அங்கே அவருக்கு வேண்டியது காளாஞ்சி, நம் ஊர்க் கொடுவா. அது கல் இடுக்கிலும் தூண் நிழலிலும் பதுங்கியிருந்து பாய்கிற ஜாதி. ஆனால் அங்கே வீசினால் லூர் கல்லில் மாட்டிக்கொள்ளும். பத்து நாள் உழைப்பு போய்விடும். ஆகவே கல்லும் தூணும் இல்லாத, அதனால் மீனும் இல்லாத இடமாகப் பார்த்து வீசுவார். திரும்புகிற வழியில் "சேட்டா, வல்லதும் கிட்டியோ?" (அண்ணா, ஏதாவது கிடைத்ததா?) என்று யாராவது கேட்டால் நேர்ப்பதில் கிடைக்காது. 1341-ல் பெரியாற்று வெள்ளம் கொச்சி அழிமுகத்தைத் திறந்ததிலிருந்து ஆரம்பித்து, வேலியேற்றம் என்கிற கடலேற்றம், காயலின் கலங்கல் என்று வந்து, மீன் கடிக்காததற்குக் காரணம் சொல்லி முடிக்கும்போது கேட்டவர் பஸ் ஏறியிருப்பார்.

வீட்டுக்கு மீன் வீட்டம்மாதான் வாங்குகிறார். அவர் வாங்கி வந்த மத்தியை இவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "முதுகுப் பச்சை கொஞ்சம் மங்கல்" என்று நிஜ மீனுக்கே மார்க் குறைப்பார். அதில் ஒன்று மாடல் என்று மேஜைக்குப் போய்விடும். குழம்பில் ஒன்று குறையும்.

போன மாதம் முள் மாட்டாமல் கொடியில் காயப்போட்டிருந்த ஒரு மரமத்தியைக் காக்கை கவ்விக்கொண்டு போய்விட்டது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "காக்கையே ஏமாந்துடுச்சுன்னா பார்த்துக்க!" என்று தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வீட்டம்மா, "அது சரிங்க, வர்ற அமாவாசைக்குச் சோறு வச்சுக் கூப்பிட்டா, இனி எந்தக் காக்கா நம்பி வரும்?" என்றார்.