எஸ்.எம்.பி.எஸ். மெய்க்கீர்த்தி: பொருநைக் கரையிலிருந்து ஓர் ஆய்வு

புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா என்று கேட்பதற்கு முன்னால், கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தை மாற்றிப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். அதைத் தாங்குமா என்று கேட்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அன்றாடம் அடிபடும் இந்தக் கேள்வியின்மேல் அறிஞர் உலகம் இதுவரை கை வைக்கவில்லை. பிஷப் கால்டுவெல் 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் பாளையக்காரர்கள் வருகிறார்கள், ஆர்க்காட்டு நவாபு வருகிறார், எஸ்.எம்.பி.எஸ். வரவில்லை. எச்.ஆர். பேட் 1917-ல் தொகுத்த மாவட்ட கெசட்டியரும் இந்த இடத்தில் மௌனம் சாதிக்கிறது. முனைவர் பட்ட வழக்கில் இதற்கு ஆய்வு இடைவெளி என்று பெயர். அதை நிரப்பவே இக்கட்டுரை. ஆய்வுப் பரப்பு பொருநை என்னும் தாமிரபரணியின் கரை; மேற்கெல்லை பாபநாசம், கிழக்கெல்லை புன்னைக்காயல். அல்வா பற்றி ஏதாவது வரும் என்று உட்கார்ந்திருப்பவர்கள் இப்போதே எழுந்துகொள்ளலாம்.

முதலில் முன்னோர் கருத்துகள். ஆற்றங்கரையில் செல்வாக்கு மிக்கது எடை மரபு. கடை அண்ணாச்சி பெட்டியைப் பிரித்து, எஸ்.எம்.பி.எஸ்.ஸை உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் தூக்கிப் பார்ப்பார். "கனத்தப் பாத்தியளா? பயப்படாம எடுத்துட்டுப் போங்க." இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் டிரான்ஸ்பார்மரும் கெபாசிட்டரும் பெரிதாக இருக்கும், சூட்டை இழுக்கும் அலுமினியத் தகடு தடிமனாக இருக்கும், கனம் கூடத்தான் செய்யும். ஆனால் கனத்தை வாட்டாக மாற்றும் சூத்திரம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. கனத்துக்காகவே உள்ளே எதையாவது வைத்துத் திருகி அனுப்பினாலும் உள்ளங்கைக்குத் தெரியாது.

அடுத்தது பச்சை-கறுப்பு மரபு. சர்வீஸ் செய்யும் தம்பி 24 முனை பிளக்கைக் கையில் எடுத்து, ஒரு ஜெம் கிளிப்பை நிமிர்த்தி 'ப'னா மாதிரி வளைத்து, ஒரு காலைப் பச்சை ஒயர் போகும் துளையிலும் இன்னொரு காலைப் பக்கத்துக் கறுப்பிலும் செருகுவார். ஃபேன் சுற்றும். "எஸ்.எம்.பி.எஸ். ஓகே" என்று தீர்ப்பு வரும். பச்சை ஒயர் தரைக்கு இழுக்கப்பட்டால் எஸ்.எம்.பி.எஸ். விழித்துக்கொள்ளும், அவ்வளவுதான். விழித்திருக்கிறது என்பது தெரிகிறது; மூட்டை தூக்குமா என்பது தெரிவதில்லை. சும்மா சுற்றும் ஃபேனுக்கு இரண்டு மூன்று வாட் போதும்.

மூன்றாவதான மச்சான் மரபு ("என் மச்சான் வீட்டுல இதே கார்டு ஓடுது") விவாதத்துக்கு அப்பாற்பட்டது. மச்சானை எதிர்த்து இந்தச் சீமையில் யாரும் ஆய்வு செய்ததில்லை.

களத்தில் கேட்கக் கிடைக்கும் உரையாடலின் பொது வடிவம் இது:

"அண்ணாச்சி, இது 3060 கார்டைத் தாங்குமா?"

"450 வாட்டுன்னு போட்டிருக்குல்லாடே. தாங்காம என்ன செய்யும்?"

"கேம் ஆடும்போது ஆஃப் ஆயிரக்கூடாது அண்ணாச்சி."

"ஆஃப் ஆனா எடுத்துட்டு வா. நாங்க எங்க போயிரப் போறோம்?"

இதில் ஆம்பியர் என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை என்பதைச் சான்றோர் கவனிக்க வேண்டும். சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இக்கட்டுரை கையாளும் முறை கல்வெட்டியல். முதலாம் ராஜராஜன் காலத்திலிருந்து சோழர் கல்வெட்டுகள் மெய்க்கீர்த்தியோடு தொடங்குகின்றன. மன்னன் எந்தெந்த நாட்டை வென்றான், எத்தனை பேர் முடியைப் பறித்தான் என்று அது நீண்டுகொண்டே போகும். மன்னார்கோவில், சேரன்மகாதேவி என்று நம் ஆற்றோரக் கோயில்களிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. அனுபவப்பட்ட கல்வெட்டு வாசகர் மெய்க்கீர்த்தியில் மயங்குவதில்லை. ஆட்சியாண்டை மட்டும் குறித்துக்கொண்டு, கொடை என்ன, எவ்வளவு என்ற இடத்துக்கு இறங்கிவிடுவார். கடல் தாண்டி நாடு பிடித்த கதையெல்லாம் முடிந்தபின் அங்கே இருப்பது ஒரு நந்தா விளக்கும் 96 ஆடுகளும்.

அந்த 96 ஆட்டை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது. நந்தா விளக்கு அணையாமல் எரிய வேண்டும். அதற்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். ஆடு சாகும், கிழடாகும், குட்டி போடும். அதனால் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இடையர் ஏற்க, அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று எழுதிவைத்தார்கள். என்றோ ஒருநாள் எவ்வளவு நெய் கிடைத்தது என்பது அவர்கள் கணக்கில் இல்லை. நாள் தவறாமல் எவ்வளவு கிடைக்கும் என்பதே கணக்கு. தொடர்திறன் என்ற கருத்தைத் தமிழன் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கண்டுவிட்டான் என்று இங்கே மேசையைத் தட்டலாம். தட்டுகிறேன்.

இனி எஸ்.எம்.பி.எஸ். சாசனத்துக்கு வருவோம். பக்கவாட்டு ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் 450 வாட் என்று இருப்பது மெய்க்கீர்த்தி. அதன் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஓர் அட்டவணை இருக்கும். கொடைச் செய்தி அதுதான். சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் வகையில் ஒரு மலிவு ஸ்டிக்கரைப் படித்தால் இப்படி வரும்: 3.3 வோல்ட்டில் 18 ஆம்பியர், 5 வோல்ட்டில் 18 ஆம்பியர், 12 வோல்ட்டில் 16 ஆம்பியர், மைனஸ் 12 வோல்ட்டில் 0.3 ஆம்பியர், காத்திருப்பு மின்சாரம் 5 வோல்ட்டில் 2 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். பெருக்கிக் கூட்டினால் 59.4, 90, 192, 3.6, 10, மொத்தம் 355. தன் அட்டவணையையே முழுசாகக் கூட்டினாலும் 450 வரவில்லை. மீதி 95 வாட்டை மன்னன் எந்தப் போரில் வென்றான் என்பதற்குச் சான்று இல்லை.

அந்த 355-ம் நமக்கு உதவாது. கிராபிக்ஸ் கார்டு தின்பது பெரும்பாலும் 12 வோல்ட்டை மட்டும். பிராசசரும் அப்படியே. இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையை 1995-ல் கொண்டுவந்தபோது சுமையின் பெரும்பகுதி 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் இருந்தது. 2000-ல் பென்டியம் 4 வந்தபோது பிராசசருக்கென்று தனியாக 12 வோல்ட் பிளக் சேர்ந்தது. அன்றிலிருந்து பாரம் 12-ன் பக்கமே சாய்ந்துகொண்டு போகிறது. ஆகவே படிக்க வேண்டிய வரி ஒன்றுதான்: 12 வோல்ட் எத்தனை ஆம்பியர்? மேலே கண்ட சாசனத்தில் 16. அதாவது 192 வாட். 450 என்று ஊரைக் கூட்டிவைத்துவிட்டு, கார்டின் கையில் 192-ஐக் கொடுப்பதற்கு நம் ஊரில் ஒரு வழக்கு உண்டு. அல்வாவைப் பற்றிப் பேசுவதில்லை என்று சொல்லிவிட்டதால் விட்டுவிடுகிறேன்.

இப்போது செலவுப் பக்கம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட். இன்டெல் ஐ5-12400 பிராசசரின் அடிப்படைக் கணக்கு 65 வாட். முழு வேகத்தில் ஓடும்போது 117 வரை போகும் என்று இன்டெல்லே சொல்கிறது, அதனால் 117-ஐத்தான் எழுத வேண்டும். போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் 50 போடலாம். மொத்தம் 337 வாட். இதை 12 வோல்ட்டால் வகுத்தால் 28 ஆம்பியர். கையில் இருப்பது 16. யூடியூப் பார்க்கும்வரை ஒன்றும் தெரியாது. கேம் தொடங்கி, பகைவன் எதிரே வந்து, திரையில் புகை கிளம்பும் அந்தக் கணத்தில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். பையன் கார்டைச் சந்தேகிப்பான், விண்டோஸை மறுபடி போடுவான். வீட்டில் பெரியவர்கள் கேமைச் சந்தேகிப்பார்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸை யாரும் சந்தேகிப்பதில்லை, அதுதான் பச்சை-கறுப்புத் தேர்வில் பாஸாயிற்றே.

337-தான் தேவை என்றால் என்விடியா ஏன் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். கேட்கிறது? உரையாசிரியர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். வாங்குகிறவர் எந்த மெய்க்கீர்த்தியை நம்பி வாங்குவார் என்று கம்பெனிக்குத் தெரியாது, அதனால் முன்ஜாக்கிரதை. இது ஒன்று. இன்னொன்று, கார்டு சீராகத் தின்பதில்லை. சராசரி 170 என்றாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாத இடைவெளியில் அதைத் தாண்டி இழுத்துவிட்டுத் திரும்பும். 2022-ல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 இதைச் சட்டமாகவே எழுதிவிட்டது. புதிய 16 முனை பிளக் உள்ள, 450 வாட்டுக்கு மேற்பட்ட எஸ்.எம்.பி.எஸ்., தன் அளவைப்போல் இரண்டு மடங்கு இழுப்பை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும். யோக்கியமான 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். நம் 3060-ஐ ஓட்டிவிடும். யோக்கியமான 550 நிம்மதியாக ஓட்டும். யோக்கியம் என்பதைத் தர்க்க நூலோர் கவனிக்க.

அடுத்து பிளக். போர்டில் கார்டு உட்காரும் இடத்திலிருந்து 75 வாட் கிடைக்கும். 6 முனை பிளக் இன்னொரு 75 தரும், 8 முனை 150 தரும். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 8 முனை இல்லையென்றால் அதை ஒரு சகுனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். நம்மவர்கள் எடுத்துக்கொள்வதில்லை, கன்வெர்ட்டர் கேட்பார்கள். டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பிளக்கை 8 முனையாக்கும் ஒயர் கிடைக்கிறது. சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று முனைகள், முனைக்கு 1.5 ஆம்பியர், ஆகக் கூடிப்போனால் 54 வாட். அதன் தலையில் 150 வாட் பிளக்கை மாட்டினால் முதலில் வாசனை வரும், பிறகு புகை. அந்த ஒயரை விற்கிறவர்களைக் குறித்து எழுத ஆய்வு மொழியில் சொற்கள் இல்லை. பிளக் விஷயத்தில் பெரிய இடத்திலும் சறுக்கல் உண்டு. 2022-ல் 450 வாட் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது, சரியாக அழுத்திச் செருகாத 16 முனை பிளக்குகள் உருகின. பின்னர் முனைகளின் நீளத்தையே மாற்றி அமைத்தார்கள்.

அலுவலகத்தில் கழித்துவிட்ட பிராண்ட் டெஸ்க்டாப்பைக் குறைந்த விலையில் வாங்கியவர்களுக்கு ஒரு தனிக்குறிப்பு. அதில் எஸ்.எம்.பி.எஸ். சிறியது, பிளக்கும் சில சமயம் அந்தக் கம்பெனிக்கே உரியது, கடையில் மாற்றுக் கிடைப்பது கஷ்டம். அவர்கள் போர்டு தரும் 75 வாட்டுக்குள் அடங்கும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1650 போன்ற கார்டுகளில், தனி பிளக் கேட்காத மாடலாகப் பார்த்து எடுப்பது நல்லது. தம்பட்டம் அடிக்க முடியாது, ஆனால் ஓடும்.

ஊர் மின்சாரத்துக்கும் ஸ்டிக்கர் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் போனால் ஆய்வு நிறைவாகாது. பைக்காரா, மேட்டூருக்குப் பிறகு 1944-ல் பாபநாசத்தில் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. இன்று அதன் பெயர்ப்பலகை நான்கு இயந்திரம், தலா 8 மெகாவாட், மொத்தம் 32 மெகாவாட். 170 வாட் கார்டுகளாகப் பார்த்தால் சுமார் 1 லட்சத்து 88 ஆயிரம் கார்டு. ஆனால் அணையில் தண்ணீர் இருந்து, கார் சாகுபடிக்கோ பிசான சாகுபடிக்கோ குடிநீருக்கோ திறந்துவிட்டால்தான் அந்த இயந்திரங்கள் சுற்றும். கோடையில் அணை இறங்கிவிட்டால் பெயர்ப்பலகை மட்டும் அப்படியே 32 என்று நிற்கும். ஆற்றங்கரை விவசாயி பலகையைப் படிப்பதில்லை. காலையில் பேப்பரில் அணை நீர்மட்டம் எத்தனை அடி என்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் அந்த அறிவு அவர் வீட்டுப் பேரனுக்கு எப்படி வராமல் போயிற்று என்பது தனி ஆய்வுக்கு உரியது.

இன்னும் இரண்டு சில்லறை. எஸ்.எம்.பி.எஸ். மேல் எழுதியிருக்கும் வாட் அது வெளியே கொடுப்பது. சுவரிலிருந்து இழுப்பது அதைவிடக் கூடுதல். 337 வாட் கொடுக்க, 85 சதவீதத் திறனில், சுமார் 396 வாட் இழுக்கும். வீட்டில் 600 விஏ யுபிஎஸ் இருந்தால் அது தாங்குவது பெரும்பாலும் 360 வாட். கரண்ட் போன மறுநொடி கீச்சென்று கத்திவிட்டுப் படுத்துவிடும். இதே உச்சத்தில் தினம் ஐந்து மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்தில் 119 யூனிட் ஆகிறது. அரசு இலவசமாகத் தருவது 100. இந்தக் கணக்கை அப்பாவிடம் காட்டலாமா என்பது ஆய்வாளரின் எல்லைக்கு வெளியே.

80 பிளஸ் முத்திரை பற்றியும் ஒரு மயக்கம் நிலவுகிறது. 2004-ல் தொடங்கிய அந்தத் திட்டம் மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை அளக்கிறது. எவ்வளவு சுமை தாங்கும் என்பது அதில் இல்லை. மேலும் அந்தச் சோதனை நடப்பது 23 டிகிரியை ஒட்டிய அறையில். பாளையங்கோட்டையில் கத்திரி வெயில் மதியம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ், சுவரோடு ஒட்டி வைத்த கேபினெட்டுக்குள் அந்த 23-ஐத் தேடக் கூடாது. முத்திரை இருப்பது நல்ல அடையாளம்தான். ஆனால் முத்திரையைப் பார்த்துவிட்டு அட்டவணையைப் படிக்காமல் வருவது மெய்க்கீர்த்தி கேட்டுக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவது.

எனவே முடிபு: கார்டின் வாட்டோடு பிராசசரின் உச்ச வாட்டையும் ஐம்பதையும் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, வந்த ஆம்பியருக்கு மேல் நாலில் ஒரு பங்காவது கூடுதலாக 12 வோல்ட் கட்டத்தில் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் சேர்த்து மாற்றப் பணம் இருக்கும்போது கார்டு வாங்கலாம்.

கடைக்கார அண்ணாச்சிமாருக்கு ஒரு விண்ணப்பம். வாரண்டி தேதி எழுதிய உங்கள் சின்ன ஸ்டிக்கரை எஸ்.எம்.பி.எஸ்.ஸில் எங்கே வேண்டுமானாலும் ஒட்டுங்கள். அந்த 12 வோல்ட் கட்டத்தின் மேல் மட்டும் ஒட்டாதீர்கள்.