கொலையும் கோக்கோவும்

எங்கள் காலத்துக் கொலைகள் வெறும் வயிற்றில் நடந்தன. தமிழ்வாணனின் சங்கர்லாலுக்காவது தேநீர் கிடைத்தது. ராஜேஷ்குமாரின் விவேக், சுபாவின் நரேந்திரன், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் எல்லாரும் பிணத்தைப் பார்த்த கையோடு கைரேகை, தடயம், கமிஷனர் ஆபீஸ் என்று ஓடினார்களே தவிர, யாரும் அடுப்பைப் பற்றவைத்து மைதா சலித்ததாக நான் படித்ததில்லை. சமையல் புத்தகங்களும் அதே கண்ணியத்தோடு இருந்தன. மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-இல் வந்தது முதல் எத்தனையோ வீடுகளுக்குக் கல்யாணச் சீரோடு போயிருக்கிறது. யாரும் அதில் சாகவில்லை.

குடிபாலா சித்தூருக்கும் வேலூருக்கும் நடுவில், ஆந்திரத்தின் விளிம்பில் இருக்கிறது. எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ். திகில் வேண்டுமென்றால் தெலுங்கில் எண்டமூரி வீரேந்திரநாத், தமிழில் பாக்கெட் நாவல். எண்பதுகளின் பிற்பாதியில் வேலூர் பஸ் ஸ்டாண்டில் யாராவது ஒரு 'க்ரைம் நாவல்' வாங்கிவந்தால், அட்டை கிழியும்வரை அது தெருச் சொத்து. சினிமா வால்போஸ்டருக்கு அடுத்தபடியாக எனக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் இந்தக் கொலைகாரர்கள்தான்.

சாக்லேட்டுக்கும் எங்களுக்குப் பஞ்சமில்லை. 1952-இல் தொடங்கிய நியூட்ரின் கம்பெனி சித்தூரில்தானே இருந்தது! சித்தூரிலிருந்து வரும் சொந்தக்காரர் வெறுங்கையோடு வந்தால் அது அவமரியாதை. சட்டைப் பையில் நாலு மகா லேக்டோவாவது இருக்கவேண்டும். அது பாலும் சர்க்கரையும் காய்ச்சிய டாஃபி, கோக்கோ வேறு சமாச்சாரம் என்று விளக்கியிருந்தால் எங்கள் தெருவில் அடி விழுந்திருக்கும். தின்ற பிறகு காகிதத்தை நகத்தால் நீவி, படித்த பக்கத்துக்கு அடையாளமாக நாவலில் வைப்போம். மிச்சமிருந்த பாகு வேலையைக் காட்டிவிடும். கைமாறி வந்த நாவல் ஒன்றில், வில்லன் முகமூடியைக் கழற்றும் இடத்தில் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தபோது கொலையாளியின் பெயர் காகிதத்தோடு போய்விட்டது. அந்தக் காலத்தில் சாக்லேட் புத்தகம் என்றால் எங்களுக்கு அதுதான்.

இப்போது தம்பி மகள் திருப்பதியில் வேலை பார்க்கிறாள். அவள் அலமாரியில் ஒரு தட்டு முழுக்கச் சாக்லேட். பாதி, சமையல் புத்தகம். வழவழப்பான தாளில் அரைப்பக்கக் குறிப்பு, ஒன்றரைப் பக்கப் படம். எண்ணெய்க் கையால் தொட மனசு வராது. அதனாலேயே அவை சமையலறைக்குப் போவதில்லை. மீதி, கொலை நாவல். அதிலும் ரத்தம் தெறிக்காத, பூனை வளர்க்கிற, பேக்கரிக்காரி துப்பறிகிற ஜாதி.

ஒன்றை எடுத்துப் புரட்டினேன். ஜோன் ஃப்ளூக் 2000-இல் எழுதிய 'சாக்லேட் சிப் குக்கி மர்டர்'. பேக்கரிக்குப் பின்னால் பால் வண்டிக்காரர் செத்துக் கிடக்கிறார். சுற்றிலும் கதாநாயகி சுட்ட குக்கிகள் சிதறிக் கிடக்கின்றன. அதற்காக நாம் பதறவேண்டியதில்லை, அந்தக் குக்கியின் செய்முறை புத்தகத்திலேயே இருக்கிறது. வெண்ணெய், இரண்டு வகைச் சர்க்கரை, முட்டை, நொறுக்கிய கார்ன்ஃப்ளேக்ஸ் எல்லாம் கப் கணக்கில்.

"பெரியப்பா, கடைசிப் பக்கத்தைப் பாத்துட்டு ஆளைச் சொல்லிடாதீங்க. நான் இப்பத்தான் மூணாவது பிஸ்கட்ல இருக்கேன்" என்றாள்.

இந்த வரிசையில் இருபதுக்கும் மேல் நாவல்கள் வந்துவிட்டனவாம், பெரும்பாலும் அதே சின்ன ஊரில். அந்த ஊரில் இன்னும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மர்மம். எங்கள் குடிபாலாவில் ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் மூன்றாம் தெருவுக்குத் தெரியும். துப்பறிய ஆள் வைத்தால் அவர் பட்டினிதான்.

சாக்லேட்டால் கொல்வது வெள்ளைக்காரனுக்குப் பழைய பழக்கம். 1871-இல் பிரைட்டனில் கிறிஸ்டியானா எட்மண்ட்ஸ் என்ற பெண்மணி சாக்லேட்டில் ஸ்ட்ரிக்னைன் கலந்து ஊரையே நடுங்கவைத்தார். ஒரு சிறுவன் செத்தான். அது நிஜம். 1923-இல் அகதா கிறிஸ்டி 'சாக்லேட் பெட்டி' என்ற கதையில் மகா கெட்டிக்காரரான பாய்ரோவையே தோற்கவைத்தார். ஆறு வருஷம் கழித்து அந்தோணி பெர்க்லி எழுதிய நாவலில், நைட்ரோபென்சீன் ஏற்றிய சாக்லேட்டுக்கு ஆறு பேர் ஆறு விதமாகக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கிறார்கள். அப்போது சாக்லேட்டைக் கண்டு வாசகர் பயந்தார். இப்போது விஷம் இருந்த இடத்தில் வெனிலா எசென்ஸ். வாசகருக்குப் பயம் சர்க்கரை டெஸ்ட் ரிப்போர்ட்டில்.

தம்பி மகள் அந்தக் குக்கியைக் குறிப்பைப் பார்த்துச் சுட்டும் கொடுத்தாள். நன்றாகவே இருந்தது. ஆனால் ஓவன் இல்லாத வீட்டில் எங்கள் அம்மா கேக் செய்யவில்லையா? நீவா ஆற்று மணலைச் சலித்துக் காயவைத்து, குக்கரில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுச் சூடேற்றுவார். மாவுப் பாத்திரத்தை அதன்மேல் வைத்து மூடினால், ஈர்க்குச்சி ஒட்டாமல் வரும்வரை யாரும் மூடியைத் திறக்கக்கூடாது. பிற்பாடு 'அவள் விகடன்' இணைப்புகளில் முப்பது வகை இது, முப்பது வகை அது என்று வந்ததையெல்லாம் கத்தரித்து வைத்தார். படித்துப் பார்ப்பதோடு சரி, மணல் குக்கரை விடவில்லை.

சித்தூர்க் கதையும் சுவையானது. நியூட்ரினை 2006-இல் கோத்ரெஜ் வாங்கியது. அடுத்த வருஷம் அமெரிக்காவின் ஹெர்ஷே கூட்டுச் சேர்ந்து, 2012-இல் கோத்ரெஜ் பங்கையும் வாங்கிக்கொண்டது. எங்கள் மிட்டாய் அமெரிக்காக்காரன் கைக்குப் போனது. அவன் ஊர்க் கொலை எங்கள் அலமாரிக்கு வந்தது. பண்டமாற்று நியாயமா என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் எழுதுகிறவர்களிடம் ஒரு வார்த்தை. இந்தியாவில் கோக்கோ விளைச்சலில் ஆந்திரம்தான் முதலிடம். ஏலூர், மேற்கு கோதாவரிப் பக்கம் தென்னைக்கும் எண்ணெய்ப் பனைக்கும் ஊடுபயிராகக் கோக்கோ நிற்கிறது. தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, ஆனைமலையிலும் உண்டு. காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு விதைகளைக் குவித்து, வாழையிலை போட்டு மூடி, ஐந்தாறு நாள் புளிக்கவைக்கிறார்கள். குவியல் தானாகக் கொதிக்கும், புளித்த வாடை தோட்டம் முழுக்க அடிக்கும், நடுவில் கிளறிவிட ஆள் வரவேண்டும். இலையை விலக்குகிறவர் கண்ணில் என்ன பட வேண்டும் என்பதை நீங்கள் முடிவுசெய்யுங்கள். கடைசிப் பக்கத்தில் கேக் குறிப்பையும் போடுங்கள். ஆனால் ஓவன் அளவு வேண்டாம், குக்கர் அளவில் போடுங்கள்.