குறட்டை அளவை: மேன்ஷன் அறைவாசியின் தன்னறிவு குறித்து ஓர் ஆராய்ச்சி

காட்சி, கருதல், உரை என, அறியும் வழியாகிய அளவை மூன்று என்பர் சைவ சித்தாந்திகள். இவற்றுள் எதைக் கொண்டு ஒருவன் தான் குறட்டை விடுபவன் என்று அறிகிறான்? காட்சியால் அன்று, அறிய வேண்டிய வேளையில் அவன் தூங்கிக்கொண்டிருக்கிறான். கருதலும் உதவாது. புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கலாம். நன்றாகத் தூங்கி எழுந்தவனுக்கு ஊகிக்க என்ன இருக்கிறது? எஞ்சியது உரை. அதாவது ரூம்மேட் சொல்ல வேண்டும்.

"ராத்திரி முழுக்க லாரி ஓட்டினியேடா மச்சான்!"

அற்றேல், சான்றோர் வாக்கன்றோ உரை அளவை. வாங்கிய கைமாத்தைத் திருப்பித் தராதவன் சான்றோன் ஆவானோ எனின், இவ்விடத்து ஆவான். இரவெல்லாம் விழித்திருந்தவன் அவனே ஆதலின்.

ஆய்வுக்களம் திருவல்லிக்கேணி. மூன்று கட்டில், ஒரு ஃபேன், குறுக்கே ஒரு கொடி. ஊரில் இருந்தவரை மூவரும் நல்ல பிள்ளைகள், சான்றளித்தவர் அம்மா. அறைக்கு வந்த மாதத்திலேயே ஒருவன் சுத்தக்காரன், ஒருவன் சோம்பேறி, ஒருவன் கஞ்சன். இவை பிறவிக் குணங்கள் என்பது பாமரர் கருத்து. உண்மையில் இவை காலியிடங்கள். சுத்தக்காரன் பதவி நிரம்பிவிட்டால், பழைய அறையில் தினமும் பெருக்கியவனும் இங்கே அழுக்கன்தான். சில நாள் மறுப்பான். பிறகு அவனே ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டு, "நான் அப்படித்தாண்டா" என்பான்.

இனி, தண்ணீர் கேன் சிக்கல். உளவியலாளர்கள் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி ஆகியோர் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு வேலைகளில் தத்தம் பங்கு எவ்வளவு என்று கணவன் மனைவியரைத் தனித்தனியே கேட்டிருந்தனர். பெரும்பாலும் கூட்டுத்தொகை நூறு சதவீதத்தைத் தாண்டியது. தான் செய்தது நினைவில் நிற்கிறது. பிறர் செய்தபோது நாம் டீக்கடையில் இருந்திருப்போம். இருவருக்கே இப்படியென்றால், 20 லிட்டர் கேனை மூன்றாம் மாடிக்குத் தூக்கிய மூவரின் பெருமையைக் கூட்டிப் பார்க்க இவ்வாய்வாளருக்குத் துணிவில்லை.

அமெரிக்க உளவியலாளர்கள் வில்லியம் ஸ்வான், பிரெட் பெல்லம் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் விபரீதமானது. தம்மைக் குறைவாக எண்ணுவதில் உறுதியாக இருந்த கல்லூரி மாணவர்கள், அவ்வாறே தம்மைக் குறைவாக எண்ணும் அறைத்தோழரோடு தங்கவே அதிகம் விரும்பினராம். ஆகவே, சம்பளம் கூடியும் தனியறை பார்க்காமல், "கஞ்சப்பயலே" என்று அன்றாடம் விளிக்கும் அறையிலேயே ஒருவன் கிடப்பதற்குக் காரணம் வாடகை மட்டுமன்று என்பது பெறப்படும்.

வாடகையும்தான். கஞ்சன் அல்லவா.