'டபுள் இன்டெம்னிட்டி'யைக் கெடுத்துப் பார்ப்பது எப்படி?

பில்லி வைல்டரின் 1944-ஆம் ஆண்டுப் படம். இன்றிரவு பார்க்கப் போகிறீர்களா? சபாஷ். பாதி வேலை உங்களுக்கு ஏற்கெனவே கைவந்ததுதான். மீதிக்கு நான் இருக்கிறேன்.

1. டியூப்லைட்டைப் போடுங்கள். டிவியின் வெளிச்சத்தையும் உச்சத்துக்கு ஏற்றுங்கள். படத்தில் வரும் வீட்டின் ஹாலில் தூசி மினுங்க வேண்டும் என்று ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் அலுமினியத் துகளைக் காற்றில் பறக்கவிட்டார். பாவம், விட்டுப்போகட்டும்.

2. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுங்கள். வைல்டரும் ரேமண்ட் சாண்ட்லரும் ஒருவரையொருவர் சகிக்காமல் உட்கார்ந்து இழைத்த வசனம். சீக்கிரம் முடிந்தால் அவர்களுக்கும் நிம்மதி.

3. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வால்டர் நெஃப், கொன்றது தான்தான் என்று ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்வான். கொலைகாரன் தெரிந்துவிட்டதல்லவா? போனை எடுங்கள்.

4. நெஃபும் அவன் காதலிக்கும் ஒருவரின் மனைவியும் சேர்ந்து, கணவருக்குத் தெரியாமலே அவர் பேரில் எடுக்கும் விபத்து பாலிசி. ரயிலில் செத்தால் இரட்டைத் தொகை. பிணத்தைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டு ஜோடி காரில் ஏறுகிறது. கார் கிளம்ப மறுக்கிறது. 'ஐயோ, கிளம்பித் தொலையேன்' என்று கொலைகாரர்களுக்காக நாமே பதறும் இடம். சரியாக இங்கே நிறுத்திவிட்டு சட்னி அரைக்கப் போங்கள்.

5. திரும்பி வந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் குட்டை உடையுங்கள்: கால் உடைந்தபோதே அந்தக் கணவர் ஏன் பணம் கேட்கவில்லை என்று இன்ஷூரன்ஸ் அதிகாரி கீஸ் யோசிப்பார், அதில்தான் மாட்டுவார்கள் என்று. கீஸாக நடிக்கும் எட்வர்ட் ஜி. ராபின்சனுக்கு வாய் திறக்கும் சிரமம் மிச்சம்.

6. காதலைத் தவறான இடத்திலேயே தேடுங்கள். அந்த மனைவியாக நடிக்கும் பார்பரா ஸ்டான்விக்கின் கொலுசையும் பொன்னிற விக்கையும் விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். கீஸ் சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு தீக்குச்சிக்காகச் சட்டைப்பையைத் தடவுவதும், நெஃப் கட்டைவிரல் நகத்தால் ஒன்றைக் கிழித்து நீட்டுவதும் எத்தனை முறை வந்தாலும் தள்ளி ஓட்டுங்கள். புகைபிடிக்கும் காட்சிதானே! படத்தின் நிஜமான பாசம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. உங்களுக்கு அது வேண்டாம். கடைசியில் குண்டடிபட்டுக் கிடக்கும் நெஃபின் சிகரெட்டுக்குக் கீஸ் குச்சி கிழிப்பார். அதற்குள் நீங்கள் அடுத்த படத்தைத் தேடத் தொடங்கியிருக்க வேண்டும்.

7. விமர்சனம் எழுதுங்கள். 'தண்டனையைக் காட்டவே இல்லை' என்று இரண்டு நட்சத்திரத்தோடு நிறுத்துங்கள். விஷவாயு அறைக் காட்சியை வைல்டர் எடுத்துவிட்டுத்தான் தூக்கிப் போட்டார் என்று எவராவது பதில் போட்டால், ஏழு பரிந்துரைக்கு ஓர் ஆஸ்கர்கூட வாங்காத படம் என்று வாயடைத்துவிட்டு, ஒரு நட்சத்திரத்தைக் குறையுங்கள்.