நினைவு தடுமாறும் கணினி: கேள்வி-பதில்

கேள்வி: வாரத்துக்கு நாலு முறை நீலத்திரை வருகிறது. ஒவ்வொரு முறையும் வேறு காரணம் சொல்கிறது. எதை நம்புவது?

பதில்: எந்தக் காரணத்தையும் நம்ப வேண்டாம். காரணம் மாறிக்கொண்டே இருக்கிறதே, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு டிரைவர் கெட்டிருந்தால் பெரும்பாலும் அதே டிரைவரின் பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். ரேமில் ஓரிடம் பழுது என்றால், அந்த நேரத்தில் அங்கே யார் குடியிருக்கிறார்களோ அவர்கள் விழுவார்கள். இன்று பிரவுசர், நாளை விண்டோஸே. ஒரு நாள் ‘மெமரி மேனேஜ்மென்ட்’, மறுநாள் ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா’ என்று வந்தால் சந்தேகம் வலுக்கிறது. பெரிய ஜிப் ஃபைலை விரிக்கும்போது சிஆர்சி எரர் வந்து, அதே ஃபைல் மறுமுறை ஒழுங்காக விரிந்தால், முதலில் ரேமைப் பிடித்து விசாரியுங்கள்.

கேள்வி: மூன்று முறை ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டாகிவிட்டது. பலனில்லை.

பதில்: நான்காவது முறை போடாதீர்கள். புது விண்டோஸின் ஒவ்வொரு ஃபைலும் அதே ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகிறது.

கேள்வி: அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. பிறகு ரேம் எப்படித் தடுமாறுகிறது?

பதில்: அசையாவிட்டாலும் அதற்கு ஓய்வு கிடையாது. ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டு 1968-ல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் ஓடுகிறது: ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். அந்தக் கெப்பாசிட்டர் ஓர் ஓட்டைக் குடம். ஊற்றி வைத்த மின்னூட்டம் ஒழுகிக்கொண்டே இருக்கும். டிடிஆர்4 ரேமில் 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை எல்லாக் குடங்களையும் மறுபடி நிரப்ப வேண்டும். சூடு 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதில் பாதி நேரம்தான் அவகாசம். 16 ஜிபி ரேமில் இப்படி 13,700 கோடிக்கு மேல் குடங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு குடம் கொஞ்சம் வேகமாக ஒழுகினால் போதும். காலையில் சமர்த்தாக ஓடிய கணினி மதியச் சூட்டில் படுத்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம். இத்தனை கோடியில் ஒன்றுகூடத் தப்பாமல் வருடக்கணக்கில் ஓடும் ரேம்கள்தான் அதிகம் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

கேள்வி: பெட்டியில் 3600 என்று போட்டிருக்கிறது. பயாஸில் எக்ஸ்எம்பியை அணைத்தால் கோளாறு நின்றுவிடுகிறது. நான் காசு கொடுத்தது 3600-க்கு அல்லவா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. டிடிஆர்4-க்கு ஜெடெக் அமைப்பு வகுத்த உச்ச வேகம் 3200, மின்னழுத்தம் 1.2 வோல்ட். அதற்கு மேலே போவதெல்லாம் எக்ஸ்எம்பி வழியாகத் தயாரிப்பாளர் முடுக்கிவிட்ட வேகம், பெரும்பாலும் 1.35 வோல்ட்டில். ரேம் தாங்கினாலும் செயலிக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் தாங்காமல் போகலாம். நாலு ஸ்லாட்டிலும் செருகியிருந்தால் அதன் சுமை கூடும். தனித்தனியாக வாங்கிய இரண்டு ஜோடிகளைக் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம். 3400, 3200 என்று இறக்கிப் பாருங்கள். அன்றாட வேலையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் மதர்போர்டு நிறுவனத்தின் ஆதரவுப் பட்டியலிலேயே அந்த ரேம் இருந்து, அந்த வேகத்தில் ஓடவில்லை என்றால், கடையில் மாற்றிக் கேட்கத் தயங்காதீர்கள்.

கேள்வி: ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்தால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: சில நேரம் சரியாகும். கழற்றி, ‘க்ளிக்’ சத்தம் கேட்கும்படி மறுபடி செருகுவதே பாதி வைத்தியம். ரப்பர் துகள் ஸ்லாட்டில் விழக்கூடாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி அதைவிட நல்லது. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்.

கேள்வி: ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டினேன். ஒரே ஒரு பிழை. ஒன்றுதானே, விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. இந்தத் தேர்வில் பூஜ்யம் எடுத்தால்தான் பாஸ்.

ஒரு பிட் என்ன செய்யும் என்பதற்கு 2003-ல் பெல்ஜியத்தின் ஸ்கார்பீக் தேர்தலைப் பாருங்கள். ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் அதிகமாக விழுந்திருந்தன. 4,096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. அதாவது, ஒரே ஒரு பிட் 0-விலிருந்து 1-க்குப் புரண்டால் வரும் தொகை. கிடைக்கவே முடியாத அளவு வாக்குகள் என்பதால் கண்ணில் பட்டது. புரண்டது கீழ்வரிசை பிட்டாக இருந்து, கூடியது நாலு வாக்குகள் என்றால் யார் கவனித்திருப்பார்கள்?

ஆகவே, மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸைப் பென்டிரைவில் போட்டு, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, இரவு முழுக்க ஓடவிடுங்கள். எக்ஸ்எம்பி அணைந்திருக்கட்டும். பிழை வந்தால் ஒரே ஒரு ரேமை மட்டும் விட்டு ஓட்டுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் மற்றதை. பிழை ரேமோடு போனால் ரேம் குற்றவாளி. எதைச் செருகினாலும் அதே ஸ்லாட்டில் வந்தால் மதர்போர்டையோ செயலியையோ பாருங்கள்.

கேள்வி: காஸ்மிக் கதிர் பட்டால் பிட் புரளும் என்கிறார்களே?

பதில்: புரளும். ஆனால் வானத்தின் மேல் பழிபோடும் முன் தரையைப் பாருங்கள். கூகுளின் சர்வர்களை வைத்து 2009-ல் வெளியான ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம்களில் பிழை கண்டார்கள். ஒருமுறை தவறிய ரேமே மறுபடி மறுபடி தவறியது. கதிர் அப்படி ஆள் பார்த்துத் தாக்காது.

கேள்வி: கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். கணினி இப்படி ஆடுகிறது. உடனே எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துவிடவா?

பதில்: அந்தக் கணினியில் எடுக்காதீர்கள். நின்றுபோகும் கணினியாவது தன் நோயை வாய்விட்டுச் சொல்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே ஃபைலில் ஒரு பிட்டை மாற்றி எழுதும் கணினிதான் எனக்குப் பயம் தருவது. காப்பி ஆகும் ஒவ்வொரு பைட்டும் ரேமைத் தொட்டுத்தான் போகும். பழைய பேக்கப் நல்லதாக இருக்கும். அதன் மேலேயே புதியதை எழுதினால் நல்லதும் போய்விடும். டிஸ்க்கைக் கழற்றி, நம்பகமான வேறொரு கணினியில் மாட்டி, வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். பழைய பேக்கப்பைத் தொடாதீர்கள். தாலி கட்டும் நேரத்தை இன்னொரு முறை படம்பிடிக்க முடியாது. அடுத்த கணினி வாங்கும்போது ஈசிசி ரேம் ஏற்கும் மதர்போர்டாகப் பாருங்கள். புரண்ட ஒரு பிட்டை அது தானே திருத்திவிடும். டிடிஆர்5 சில்லுக்குள்ளேயே ஒரு திருத்தம் உண்டுதான். ஆனால் ரேமுக்கும் செயலிக்கும் நடுவே போகும் வழியை அது காக்காது.

கேள்வி: ரேமையே மாற்றிவிட்டேன். மெம்டெஸ்ட்டும் பாஸ். ஆனாலும் விளையாட்டைத் திறந்தால் ‘அவுட் ஆஃப் வீடியோ மெமரி’ என்று விழுகிறது. செயலி இன்டெல் 13-ஆம் தலைமுறை ஐ9.

பதில்: அந்தச் செய்தியில் மெமரி என்று இருந்தாலும், உங்கள் செயலியில் அது வேறு நோயின் அடையாளமாக இருக்கலாம். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகள் சிலவற்றில் தேவைக்கு மேல் மின்னழுத்தம் பாய்ந்து செயலியே பழுதானதை இன்டெல் 2024-ல் ஒப்புக்கொண்டது. திருத்திய மைக்ரோகோடு பயாஸ் அப்டேட்டாகக் கிடைக்கிறது, இன்றே போடுங்கள். ஏற்கெனவே பழுதான செயலியை அந்த அப்டேட் குணப்படுத்தாது. பெட்டியோடு வாங்கிய செயலிகளுக்கு வாரண்டியை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டியிருக்கிறார்கள். பில்லைத் தேடி எடுங்கள்.