தூர விதி: நடிகர் பேட்டி பற்றி நமுனுகுலவிலிருந்து ஓர் ஆய்வு

நடிகரிடம் கேட்கப்படும் கேள்வியின் கனம், கேட்பவருக்கும் நடிகருக்கும் இடையிலுள்ள தூரத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். இதை இனித் ‘தூர விதி’ என்போம். கிட்ட இருக்கும் நடிகரிடம் ஆள் சம்பளத்தைப் பற்றிக் கேட்பான். கடல் தாண்டி இருப்பவரிடம் பிடித்த நிறம் எது என்பான். இவ்வளவு பெரிய உண்மை உலகப் பல்கலைக்கழகங்களின் கண்ணில் படாததற்கு ஒரே காரணம்தான். அவற்றில் எதிலும் சலூன் கிடையாது.

ஆய்வுக்களம், இலங்கையில் பதுளைப் பக்கம் 2,000 மீற்றருக்கு மேல் எழுந்து நிற்கும் நமுனுகுல மலையின் சரிவு. மத்தியானம் கழிந்தால் பனி இறங்கிவிடும். எதிர்க்கடைப் பலகை தெரியாது, பசறை பஸ் ஹோர்ன் மட்டும் கேட்கும். ஆய்வுக்கூடம், பஸாரில் இருக்கும் ஒரு சலூன். உபகரணங்கள்: ரசம் போன கண்ணாடி ஒன்று, ஆடும் பெஞ்சு ஒன்று, அட்டை கிழிந்த சினிமாப் புத்தகங்கள் ஒரு கட்டு. இவற்றில் சில, ஆய்வாளர் மீசை முளைக்காத காலத்திலேயே அங்கே இருந்தவை.

ஆய்வு முறை எளிது. பெஞ்சில் இருப்பவர் பேட்டியிலிருந்து கேள்வியை மட்டும் உரக்க வாசிப்பார். சலூன்காரர் கத்தரிக்கோலை நிறுத்தாமலே பதில் சொல்வார்.

“பிடிச்ச சாப்பாடு எதுன்னு கேட்டிருக்காங்க.”

“அம்மா சமையல்னு போட்டிருக்கும் பாருங்கண்ணே.”

போட்டிருக்கும்.

“ஏன் இந்தப் படத்த ஒத்துக்கிட்டாராம்?”

“கத புடிச்சிருச்சாம். அரசியலுக்கு வருவாரான்னு கீழ கேட்டிருப்பாங்களே? காலம் வரும்போது சொல்றாராம்.”

புத்தகத்தைக் கையால் தொடாமலே இவர் தரும் பதில்கள் பெரும்பாலும் அச்சோடு ஒத்துப்போகின்றன. ஆகவே பேட்டி என்பது தகவலுக்காக நடப்பது என்ற பழைய கொள்கை இத்துடன் கைவிடப்படுகிறது. வாசகருக்கு வேண்டியது பதில் அல்ல. வசனகர்த்தா எழுதிக் கொடுக்காமல் அந்த ஆள் சும்மா பேசினால் எப்படியிருக்கும் என்று பார்க்கிற ஆசைதான். அந்த ஆசைக்குத் தீனி போட்டே 1942இல் ‘பேசும் படம்’ பிறந்தது, 1966இல் ‘பொம்மை’ வந்தது. இரண்டும் கப்பலேறி இந்தப் பக்கமும் வந்தன.

விதிக்கு முதல் சோதனையே ‘பொம்மை’யில்தான். அந்த இதழ் நட்சத்திரத்தை நட்சத்திரமே பேட்டி காணும் ஏற்பாட்டைச் செய்தது, எம்.ஜி.ஆரை ஜெயலலிதா பேட்டி கண்டார். சேர்ந்து மொத்தம் 28 படங்கள் நடித்த இருவர். தூரம் ஏறக்குறையப் பூச்சியம். தூர விதிப்படி கேள்வி தாங்க முடியாத கனத்தில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் அப்படியொன்றும் நடக்கவில்லை. அச்சில் வந்தது நல்ல மரியாதையான உரையாடல். ஆகவே ஒரு திருத்தம்: அளவுக்கு மீறிக் கிட்டப் போனாலும் கேள்வி இலேசாகிவிடும். நல்ல விதிகளுக்கெல்லாம் ஒரு விலக்கு உண்டு என்பதால் ஆய்வாளர் இதற்காக மனம் தளரவில்லை.

எம்.ஜி.ஆர். பேச்சு எழுந்தால் பெஞ்சில் ஒரு பெரியவர் கட்டாயம் குறுக்கிடுவார்: “நாவலப்பிட்டியில பொறந்தவரு. நம்ம ஆளு.” 1917 ஜனவரி 17, பிறப்பிடம் நாவலப்பிட்டி, மறுக்க முடியாது. கொழும்பிலிருந்து பதுளைக்கு வரும் ரயில் அந்த ஸ்டேசனைத் தாண்டித்தான் வரவேண்டும். ஆனால் பதுளைக்கு ரயில் வந்ததே 1924இல். பெரியவர் கேட்டுக்கொண்டு, “பாதை போட்டிருந்தா வந்திருப்பாருல்ல?” என்றார். இதற்கு ஆய்வுலகில் மறுமொழி இல்லை.

விதியை அப்பழுக்கில்லாமல் நிரூபிப்பவர் இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் வி.பி.கணேசன். 1975இல் ‘புதிய காற்று’ படத்தைத் தயாரித்து அவரே கதாநாயகனாக நடித்தார். தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கையைச் சொன்ன படம். பிறகு ‘நான் உங்கள் தோழன்’, ‘நாடு போற்ற வாழ்க’. படத்துக்கு வெளியே அவர் தொழிற்சங்கவாதி. யோசித்துப் பாருங்கள்: திரையில் சண்டை போடும் கதாநாயகனே சங்கக் கூட்டத்துக்கும் வந்து நிற்கக்கூடியவர் என்றால், அவரிடம் யாராவது பிடித்த நடிகை யார் என்று கேட்பார்களா? அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்ட கணக்கைத்தான் கேட்பார்கள். லயத்துக் கூரை ஒழுகுவதைக் கேட்பார்கள். தமிழ்ச் சினிமாவில் இத்தனை கனமான கேள்விகளுக்குப் பக்கத்தில் நின்ற கதாநாயகன் வேறு எவரும் ஆய்வாளருக்கு அகப்படவில்லை. இவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குத் தெரியாதிருப்பது சிரிக்கிற விஷயமல்ல.

தூரம் கூடினால் என்ன ஆகும் என்பதற்குத் ‘தெனாலி’ சான்று. 2000ஆம் ஆண்டுப் படம். கமல்ஹாசன் இலங்கைத் தமிழராக வந்தார். நம் வானொலியின் பி.எச்.அப்துல் ஹமீதும் அதில் தோன்றினார். தெனாலி பேசியது யாழ்ப்பாணத்துப் பேச்சு. அதற்குப் பிறகு இங்கிருந்து சென்னைக்குப் போகிறவனிடமெல்லாம், ‘நீங்க ஏன் தெனாலி மாதிரிப் பேசல?’ என்று கேட்கிறார்கள். ஐயா, நாங்கள் தலைமுறை தலைமுறையாக ‘வாங்க, போங்க, என்னா’ என்று பேசுகிறவர்கள். எங்கள் பூட்டன்மார் உங்கள் ஊர்களிலிருந்துதான் வந்தார்கள். தூரம் கேள்வியை மட்டுமல்ல, கேட்பவரையும் இலேசாக்கிவிடுகிறது.

2020 அக்டோபரில் இன்னொரு சான்று கிடைத்தது. கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனாக ஒரு படத்தில் நடிக்கவிருந்த விஜய் சேதுபதி, எதிர்ப்புக் கிளம்பியதும் முரளியே கேட்டுக்கொள்ள, ‘நன்றி, வணக்கம்’ என்று இரண்டு சொல்லோடு விலகினார். இதுவரை வெளியான நடிகர் பேட்டிகளில் மிகச் சுருக்கமானதும் மிகத் தெளிவானதும் இதுவே என்பது எமது முடிபு. பிறகு வேறொருவர் நடித்து அந்தப் படம் ‘800’ என்ற பெயரில் வெளிவந்தது. முரளியின் பாட்டனார் 1920இல் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். அதனால் சலூனில் ஒரு கேள்வி பாக்கி நின்றது: “பந்து சுத்துறத பழகிருப்பாரு. கொழுந்து எடுக்கப் பழகச் சொல்லி யாரும் கேட்டாங்களா?”

கேள்வியில் நியாயமுண்டு. தேயிலை மலையில் எடுத்த பாட்டுக் காட்சியைக் கொழுந்து எடுக்கிற அக்காமார் பார்க்கும்போது பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும். பாட்டை அவர்கள் கேட்பதே இல்லை, கையைத்தான் பார்ப்பார்கள். “இங்க பாரு, கருவேப்பில உருவுற மாதிரி உருவுது.” கூடைக் கயிறு தலையில் தொங்க வேண்டியது, கதாநாயகிக்குத் தோளில் தொங்கும். ரெண்டு இலையும் ஒரு மொட்டும் இருக்க, முத்தலாய்ப் பார்த்துப் பிய்ப்பார். அட்டை கடிக்காது. கங்காணி சத்தம் போடமாட்டார். பாட்டு முடியும்வரை கூடையில் ஒரு பிடி கொழுந்து சேராது. “இதுக்கு யாரு பேரு போடுவா?” என்றார் ஒருவர். திரை விமர்சனம் என்ற பெயரில் ஆய்வாளர் வாசித்த எதிலும் இவ்வளவு தொழில் அறிவு இல்லை.

ஆகவே கொழும்புக்கு நட்சத்திர இரவுக்காக வரும் நடிகர் நடிகைகளுக்கு இவ்வாய்வின் விண்ணப்பம்: ஹோட்டலில் இருந்து அலுத்துப்போனால் பதுளை ரயிலில் ஏறுங்கள். பதுளையில் இறங்கிப் பசறைக்கு பஸ் எடுத்தால் நமுனுகுலவுக்கு அடுத்த பஸ் கிடைக்கும். பெஞ்சில் இடம் ஒதுக்கி வைக்கிறோம், கேள்விகளும் தயார். பிளேன்டீ செலவு ஆய்வாளருடையது. முடி வெட்டும் காசை மட்டும் நீங்களே கொடுக்க வேண்டும். அதில் சலுகை தர சலூன்காரர் மறுத்துவிட்டார்.